தீவனப்பயிருக்கு மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கத்தரிக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்குன்னு அதையே தீவனச்சோளத்துக்கும் அடிச்சுடறாங்க, கால்நடை டாக்டரா இதக் கேக்கும்போதெல்லாம் மனசு பதறுது. காய்கறின்னா கழுவுறோம், நெல்லுன்னா உமி போயிடுது, ஆனா தீவனத்துல மருந்து பட்ட அதே இலையத்தான் மாடு தண்டோட சேர்த்து தினமும் கிலோ கணக்குல தின்னுது, சில மருந்து பாலுக்கும் வந்துடும்.

குதிரைமசால் தீவனம் பூக்கிற நேரத்துல சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி வந்தா ஸ்ப்ரேயர் வேண்டாம், சீக்கிரமா அறுத்துப் போட்டாலே பாதிப் பிரச்சனை தீரும். ஆனா சோளத்துல இந்த அவசரம் கூடவே கூடாது, பூக்கிறதுக்கு முன்னாடி, அதுவும் தண்ணி இல்லாம வாடின சோளத்துல சயனைடு விஷம் ஜாஸ்தி, மாடு செத்துடும்.

அடிச்சுத்தான் ஆகணும்னா வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பம் பருப்ப இடிச்சு, துணியில கட்டி தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவச்சு, காலைல பிழிஞ்சு வடிகட்டி 100 லிட்டராக்கி கொஞ்சம் காதி சோப்பு கரைச்சுக்கோங்க, அன்னிக்கு சாயங்காலமே அடிச்சுடுங்க, ஏன்னா வெயில் பட்டா வேம்போட வீரியம் போயிடும், தேனீயும் அந்த நேரம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். அடிச்ச உடனே புழு செத்து விழாது, இலை தின்னுறத நிறுத்தும், தோல் உரிக்க முடியாம கொஞ்ச நாள்ல சாகும், அதுக்குள்ள வேலை செய்யலன்னு கடை மருந்துக்கு ஓடாதீங்க. மக்காச்சோளப் படைப்புழுவுக்கு புழு குட்டியா இருக்கும்போதே குருத்துக்குள்ள இறங்குற மாதிரி அடிக்கணும், பெருசான புழுவுக்கு இது சரியா எடுபடாது. அடிச்ச மறுநாளே அறுத்துப் போட்டா கசப்புக்கு மாடு தின்னாது, ஒரு வாரமாவது விடுங்க. கடையில வாங்குற வேப்ப மருந்துன்னா லேபிள்ல எத்தனை நாள் போட்டிருக்கோ அத்தனை நாள்.

உரமும் இதோட சேர்ந்ததுதான். யூரியாவ அள்ளிப்போட்டா பயிர் தளதளன்னு வரும், சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அதுதான் வேணும், கூடவே நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கும் ஆபத்து. தொழுவுரம், மண்புழு உரம், அடியுரமா வேப்பம் புண்ணாக்கு இதெல்லாம் நல்லது, ஆனா எரு நல்லா மக்கியிருக்கணும், பச்சைச் சாணியக் கொட்டினா வேர்ப்புழுவும் கரையானும் வரும்.

இயற்கைன்னு சொல்லி புகையிலைக் கஷாயத்த மட்டும் தீவனத்துல அடிச்சுடாதீங்க, நிக்கோட்டின் மாட்டுக்கு கடும் விஷம். மாடு எச்சில் ஒழுக்கி, நடுங்கி, தள்ளாடினா உடனே டாக்டரக் கூப்பிட்டு என்ன அடிச்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.