தகடு நீண்டுவிட்டால்

பழைய கார் ஒன்றின் மட்கார்டில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. உள்பக்கம் கையை விட்டு, பள்ளத்தின் நடுவில் நாலு அடி போட்டால் வெளியே வந்துவிடும் என்றுதான் தோன்றும். டிங்கரிங் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். பள்ளத்தைச் சுற்றி வரப்புபோல எழும்பி நிற்கும் ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்.

எஃகுத் தகட்டை லேசாக வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி பழைய வடிவத்துக்கே திரும்பும். ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்துவிடும், அப்புறம் திரும்பாது. ஒடுக்கின் பெரும்பகுதி பெரும்பாலும் முதல் வகைதான், விட்டால் நிமிரத் தயார். ஓரத்து வரப்பும் மடிப்பும்தான் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. மடிந்த எஃகு முன்னைவிடக் கடினமாகவும் ஆகிவிடும். வளைந்த கம்பியை நிமிர்த்தப் போனால் பழைய வளைவு அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒன்று வளையுமே, அதே கதை.

ஆகவே பள்ளத்தின் அடியில் டாலி என்னும் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து வரப்பைத் தட்டுவார்கள். வரப்பு இறங்க இறங்கப் பள்ளம் எழும்பும். டாலிக்கு நேர் மேலேயே தட்டினால் விளைவு வேறு: இரண்டு இரும்புக்கு நடுவே தகடு நசுங்கி மெலியும், மெலிந்தது பக்கவாட்டில் விரியும்.

இங்கேதான் வில்லங்கம். 200 மி.மீ. நீளமுள்ள ஒரு பட்டையின் இரு முனைகளும் அசையாமல் இருக்க, அதன் நீளம் வெறும் 0.08 மி.மீ. கூடினால் போதும், நடுவில் 2 மி.மீ.க்கு மேல் புடைத்துவிடும். விரிந்த தகடு இப்படித்தான் போக இடமில்லாமல் உப்பும். அமுக்கினால் டின் மூடிபோல 'டொக்'கென்று உள்ளே போய் வெளியே வரும். தட்டத் தட்ட இன்னும் விரியுமே தவிர அடங்காது.

அதை அடக்க நெருப்பு வேண்டும். சூடாக்கிச் சுருக்குவது என்றால் நம்பக் கஷ்டம்தான். புடைப்பின் உச்சியில் காசளவு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சுவார்கள். அது விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. சிவந்த இரும்பு இளகியது என்பதால் தனக்குள்ளேயே அமுங்கித் தடிக்கும். ஆறும்போது அந்தக் குறுகிய அளவிலிருந்து மேலும் சுருங்கி, சுற்றியிருப்பதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு ஒட்டும்போது இதே சுருக்கம் எதிரியாகிவிடும். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் தையல் முழுவதும் சுருங்கி, பேனலே நெளியும். அதனால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு, நடுநடுவே ஆறவிடுவது என்று பொறுமையாகப் போவார்கள். அப்படியும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அப்போது தையலின் அடியில் டாலியை வைத்து நேர் மேலேயே தட்டுவார்கள், கொஞ்சம் விரியட்டும் என்று.