கம்பத்து எண்ணைச் சொல்லுங்கள்

தை மாதத்துப் பனி. பொழுது முழுசாக விடியவில்லை. காட்பாடிக்கு மேற்கே, தண்டவாளத்தை ஒட்டிய கொல்லையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, பக்கத்து ரயில்வே கேட்டுக்கு நடந்தே வந்து சொன்னார்: "ஐயா, ராத்திரியிலேருந்து ரயிலு போறப்போ அந்தப் புளியமரத்தாண்ட டொக்குனு ஒரு சத்தம் வருதுய்யா. முன்ன அப்படி வராது."

கேட் கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொன்னார். வண்டிகளை நிறுத்தினார்கள். தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் ஊழியரான கீமேன் ஓடினார். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த புளியமரத்தின் அருகே முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பாதை திறந்தது. ஒரு சரக்கு வண்டி போனது.

பாட்டி விடவில்லை. "இந்த மரம் இல்லப்பா, அந்தாண்ட வளைவுல கீற மரம்" என்று கீமேனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு புளியமரத்தடியில், தண்டவாளத்தின் வெல்டு விட்டிருந்தது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி. சரக்கு வண்டி அதன்மேல்தான் போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஒரு மூலை பழுப்பாகத் துருவேறி இருந்தது, மீதி வெள்ளி போலப் பளபளத்தது. துருவேறிய பாகம் என்றைக்கோ தொடங்கிய விரிசல். பளபளத்த பாகம் அன்று இரவு உடைந்தது. அந்த சரக்கு வண்டி கவிழாமல் போனது எங்கள் திறமை அல்ல. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

யார் மேலும் தப்பில்லை. பாட்டி சரியாகச் சொன்னார், கேட் கீப்பர் உடனே தகவல் கொடுத்தார், கீமேன் ஓடினார். இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: எந்த இடம் என்ற விவரம்.

தண்டவாளப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பாதுகாப்பு என்றதும் எல்லோரும் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் இருக்கும் கேமராவையும் மோப்ப நாயையும் பற்றித்தான் கேட்கிறார்கள். அவை வேண்டும். ஆனால் ரயில் பெரும்பகுதி ஓடுவது ஸ்டேஷனுக்குள் அல்ல. ஏரிக்கரை ஓரமாக, கரும்புத் தோட்டத்து நடுவே, மலை அடிவாரத்தில் ஓடுகிறது. அங்கே எங்கள் கீமேன் நாளுக்கு ஒரு தரம் தோளில் சுத்தியலும் சாவியும் மாட்டிக்கொண்டு நடந்து பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் அங்கே இருப்பவர்கள் நீங்கள்தான். ஆடு மேய்ப்பவர், மோட்டார் போட வருபவர், பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே போகும் பிள்ளைகள்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. நூற்று எழுபது வருடமாக ரயில் சத்தத்தோடு வாழும் ஊர் நம்முடையது. எந்தச் சத்தம் வழக்கமானது, எது புதுசு என்று தண்டவாளத்தோரம் குடியிருப்பவருக்குத் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. பழைய தண்டவாளத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி இருந்ததால் தடக் தடக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது நீளமாக வெல்டு வைத்து இணைத்துவிடுகிறோம், அந்தச் சத்தம் இல்லை. ஆகவே ஓரிடத்தில் மட்டும் டொக்கென்று கேட்டால் அதற்கு அர்த்தம் உண்டு. மார்கழி, தை விடிகாலையில் இரும்பு சுருங்கும்போது பலவீனமான வெல்டு பிய்த்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் நேர்மாறு. நம் ஊர் வெயிலில் நண்பகல் தண்டவாளம் காற்றைவிட இருபது டிகிரி வரை கூடச் சூடேறும். விரிய இடமில்லாமல் பக்கவாட்டில் பாம்பு போல நெளியும். பார்த்தவுடனே தெரியும். நேராக ஓட வேண்டிய இரண்டு கம்பி வளைந்து கிடந்தால் அது யார் கண்ணுக்கும் தப்பாது.

இப்போது அந்தக் கம்பத்து எண். தண்டவாளத்தோரம் நிற்கும் கரண்ட் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பலகையில் மேலும் கீழுமாக இரண்டு எண் எழுதியிருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர். கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் வரிசை எண். 141, அதற்குக் கீழே 18 என்று இருந்தால் அப்படி எழுதிய கம்பம் அந்தப் பாதையில் அது ஒன்றுதான். ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் அதிகபட்சம் 72 மீட்டர். அந்த இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டால் தேடும் வேலையே இல்லை. தள்ளி நின்று படியுங்கள், அல்லது செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அறுந்து தொங்கினால் கரண்ட் இல்லை என்று நினைத்துப் பக்கத்தில் போகவே கூடாது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நிமிடத்தில் 1.8 கிலோமீட்டர் கடந்துவிடும். டிரைவர் கண்ணில் ஆபத்து பட்டு அவசர பிரேக் பிடித்தாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். நீங்கள் போனில் "அந்தக் கோயிலைத் தாண்டி, கொஞ்ச தூரத்துல" என்று விளக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 139 ரயில்வே உதவி எண், நாடு முழுக்க ஒரே எண். 112 எல்லா அவசரத்துக்கும். பக்கத்தில் கேட் இருந்தால் கேட் கீப்பர்தான் எல்லாரையும்விட வேகம், அவரிடம் ஸ்டேஷனுக்கு நேரடி போன் இருக்கிறது. போன் செய்ய நேரமே இல்லை, வண்டி வந்துவிட்டது என்றால், பாதைக்கு வெளியே பத்திரமாக நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், அல்லது கையில் கிடைத்த துணியை வேகமாக ஆட்டுங்கள். இரவானால் டார்ச்சையோ செல்போன் விளக்கையோ வேகமாக ஆட்டுங்கள். அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளத்தான் டிரைவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. நம் காட்பாடி வழியாகப் போன வண்டி. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் நிம்மதி. யாராவது போல்ட், நட்டைக் கழற்றினார்களா என்ற சந்தேகத்தில் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வின் அதிகாரிகள் வரை அங்கே வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த கீமேன்கள் வண்டி ஒரு பாதையில் இருந்து இன்னொன்றுக்கு மாறும் பாயின்ட்ஸ் பக்கம் போனால் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறார்கள். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியான பாண்ட்ரால் கிளிப் பழைய இரும்புக் கடைக்குப் போவது எங்களுக்குப் புதிதல்ல. ஐம்பது, நூறு ரூபாய்க்காக ஒருவன் அதைப் பிடுங்குகிறான். கெடுதல் செய்ய வருபவனும் அதையேதான் பிடுங்குகிறான். தண்டவாளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். விளையாட்டாகக் கல் அடுக்கி வைக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் இதைச் சொல்லி வையுங்கள். வண்டியைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு கல்லோ கட்டையோ வைத்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 150-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு.

வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். 2025 பிப்ரவரியில் கோவை – திருப்பதி இன்டர்சிட்டியில் பெண்கள் பெட்டியில் தனியாக வந்த நான்கு மாதக் கர்ப்பிணி, கே.வி.குப்பம் அருகே ஓடும் வண்டியில் இருந்து தள்ளிவிடப்பட்டார். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. தள்ளியவனுக்கு அதே ஆண்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. என் மகளும் அந்தப் பாதையில் போய் வருகிறவள். ஜோலார்பேட்டையில் பெட்டி காலியாகிறது என்று தெரிந்தால், வண்டி கிளம்புவதற்குள் ஆள் இருக்கும் பெட்டிக்கு மாறிவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள். ஒரு பெண் இடம் மாற வேண்டியிருப்பது நியாயமல்ல. காவலுக்கு ஆள் போட வேண்டியது அரசின் கடமை, அதை உரக்கக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே மாறியும் கொள்ளுங்கள். 139-க்குப் பேசும்போது வண்டி எண், பெட்டி எண், கடைசியாகத் தாண்டிய ஸ்டேஷன் மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள், கதை அப்புறம்.

ஆற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. என்னைக் கேட்டால் நம் ஊரில் போக்குவரத்துக்கு ஆற்றைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. பாலாறு வருடக்கணக்கில் மணலாகக் கிடப்பதால் அதை ஆறு என்றே நாம் மறந்துவிட்டோம். 1903 நவம்பரில் அது வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. அதற்கு நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 2021 நவம்பரில் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. 1903-க்குப் பிறகு காணாத வெள்ளம் என்றார்கள். விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. அப்போது வேடிக்கை பார்க்கப் பாலத்தின் மேல் நின்ற கூட்டத்தைப் பார்த்து நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் ரயில் நின்றது நவம்பரில் அல்ல. வெள்ளமெல்லாம் வடிந்து, ஜனங்கள் மறந்தும்போன டிசம்பர் கடைசியில். முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னையாற்றுப் பாலத்தின் தூணில் பாதிப்பு தெரிந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் வண்டிகளை ரத்து செய்தார்கள். ஏன் ஒரு மாதம் கழித்து? தூணில் மோதும் வெள்ளம் கீழ்ப்பக்கமாகச் சுழன்று அடியில் இருக்கும் மணலைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது புது மணல் வந்து அந்தக் குழியை மூடிவிடும். மேலே நின்று பார்த்தால் ஆறு பழையபடி சமமாகத் தெரியும். ஆனால் அடியில் இருப்பது இறுகாத மணல், கையை விட்டால் முழங்கை வரை போகும். தூண் அதன்மேல் நின்றுகொண்டு, வண்டிக்கு வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அசையும். அதனால்தான் பாலம் பார்ப்பவர்களுக்கு வெள்ளம் வடிந்த பிறகுதான் தூக்கம் போகும்.

இதில் நம் கை வரிசையும் இருக்கிறது. பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டது. தூணின் அஸ்திவாரம் எங்கே மணலுக்குள் புதைந்திருக்க வேண்டுமோ அங்கே வெளியே எட்டிப் பார்க்கிறது. இரவில் பாலத்தடியில் மணல் ஏற்றும் டிராக்டரும் மாட்டு வண்டியும் குண்டு வைக்க வந்தவை அல்ல. ஆனாலும் அந்தத் தூணை அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டிருக்கின்றன. தெரிந்த ஆள், சொந்தக்காரன் என்று பார்க்காமல் சொல்லுங்கள். பாலத் தூணில் அபாய மட்டம் என்று கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ரயில் பாலமானால் கூடவே 139.

இங்கே மழையே இல்லையே என்று தரைப்பாலத்தில் இறங்காதீர்கள். பொன்னையாற்றுத் தண்ணீர் சித்தூர் பக்கம் கலவகுண்டா அணையில் இருந்து வருகிறது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரா வழியாக வருகிறது. குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆறு மோர்தானா அணை நிரம்பினால் வரும். மேலே பெய்தால் இங்கே வெயிலிலும் வெள்ளம் வரும். ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும், இரண்டு அடி என்றால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும்.

சாலையிலும் ஒரு எண் இருக்கிறது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்கும் மற்றவற்றுக்கும் ரசாயன டேங்கர்கள் போகின்றன. பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு அபாயப் பலகை இருக்கும், அதில் நான்கு இலக்க எண். 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1830 கந்தக அமிலம், 1017 குளோரின். டேங்கர் கவிழ்ந்தால் ஓடிப்போய் வீடியோ எடுக்காதீர்கள், கேனில் பிடிக்கப் போகாதீர்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாக விலகி நின்று அந்த எண்ணை 112-க்கும், நெடுஞ்சாலை உதவிக்கு 1033-க்கும் சொல்லுங்கள். கூடவே பக்கத்து கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும். தீயணைப்பு வண்டி தண்ணீரோடு வர வேண்டுமா, நுரையோடு வர வேண்டுமா என்பதை அந்த நான்கு இலக்கம்தான் தீர்மானிக்கும்.

அந்தப் பாட்டியை அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி ஆறாம் வகுப்பு. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பத்தைக் காட்டி, எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை வீட்டுக்கு வந்து, கொல்லையை ஒட்டிய கம்பங்களின் எண்களை எல்லாம் அடுப்புக் கரியால் சுவரில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளம் வரைந்து வைத்தாள். புளியமரம், கிணறு, மோட்டார் கொட்டகை, வேப்பமரம்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு மாலை கேட்டில் இருந்து எனக்குப் போன் வந்தது. பேசியது பாட்டிதான். "ஐயா, நூத்தி நாப்பத்தி ஒண்ணு, கீழ பதினெட்டு. கம்பியப் புடிச்சிக்கினு இருக்குமே கொக்கி, அதுல நாலு காணோம்." கீமேன் நேராக அங்கேயே போனார். நான்கு கிளிப் இல்லை. இருட்டுவதற்குள் மாட்டிவிட்டார்.