கண்ணை மூடினால் ஏன் கால் தள்ளாடுகிறது?

முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆன ஒரு கால்பந்து ஆட்டக்காரர் என்னிடம் வந்தார். முட்டி நன்றாக மடங்கி நீண்டது. வீக்கம் இல்லை. தொடைத் தசையும் தேறியிருந்தது. "எப்போ சார் மறுபடி ஆடலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அறுவை செய்த காலில் மட்டும் நிற்கச் சொன்னேன், நின்றார். சரி, இப்போது கண்ணை மூடுங்கள் என்றேன். மூன்று நொடிகூடத் தாங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். "வலியே இல்லையே, அப்புறம் ஏன்?" என்று திகைத்தார். இந்தத் திகைப்பை என் பிசியோதெரபி அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஜவ்வு என்றால் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநாருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற செய்தியைத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் அவை அனுப்புகின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தச் செய்தியும் குறைந்துபோகிறது. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்துப் பொருத்தும் புது ஜவ்வு, கயிறு வேலையைச் செய்யும். பழைய உணர்வைக் கையோடு கொண்டுவராது. அந்தக் குறையை உடம்பு கண்ணால் சமாளிக்கிறது. ஆனால் ஆடுகளத்தில் கண் பந்தின் மேல் அல்லவா இருக்கும்! தரை எங்கே, முட்டி எங்கே என்று கால் தானாகவே உணர வேண்டிய இடம் அது.

இதற்காகத்தான் சமநிலைப் பயிற்சி. ஊன்றி நடக்க அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பழகுவதில் தொடங்குவோம். அடுத்து ஒற்றைக்காலில் 30 நொடி. முட்டியை விறைப்பாகப் பூட்டாமல் லேசாக மடக்கி, உள்பக்கம் சாயவிடாமல் நிற்க வேண்டும். எத்தனை நொடி நின்றீர்கள் என்பதைவிட இந்தச் சாய்வைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன், ஏனென்றால் பெரும்பாலும் முட்டி உள்ளே சரியும்போதுதான் ஜவ்வு கிழிகிறது. இது வசப்பட்டதும் கண்ணை மூடி, பிறகு மெத்தென்ற ஃபோம் மேல், பிறகு ஆடும் பலகையில், பந்தைப் பிடித்தபடி. குதித்து இறங்குவது எல்லாவற்றுக்கும் பிறகு. நல்ல காலுக்கும் பயிற்சி வேண்டும்; ஒரு முட்டியில் அடிபட்டால் மறு முட்டியின் உணர்வும் மங்கலாம்.

வீடியோ பார்த்துவிட்டு இரண்டாவது வாரமே ஆடும் பலகையில் ஏறுபவர்களை நினைத்தால் பதறுகிறது. புது ஜவ்வு முதல் சில மாதங்களில் உருமாறிக்கொண்டிருக்கும். பொருத்திய நாளைவிடவும் பலவீனமாகும் கட்டம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வலி போயிருக்கும், தைரியம் வந்திருக்கும். ஆபத்தே அங்கேதான். பயிற்சி செய்த மறுநாள் முட்டி வீங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்தசை முழுதாக வேலை செய்யாது. வெட்டித் திரும்பி ஓடும் ஆட்டங்களுக்குக் குறைந்தது 9 மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறேன். மாதக் கணக்கு மட்டும் போதாது; ஒற்றைக்கால் தாவலில் அறுவை செய்த கால், மறு காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும்.

அந்த இளைஞர் இப்போது ஏழாவது மாதத்தில் இருக்கிறார். கண்ணை மூடி 30 நொடி நிற்கிறார். இந்த வாரம்தான் சிறிய படியிலிருந்து குதித்து, முட்டி சாயாமல் இறங்கப் பழகுகிறார்.