ஜிபே-யில் வாங்கினால் வருமான வரி ஏறாது, குறையும்: சிறுகடைக்காரர்களுக்கான 44ஏடி

2025 ஜூலையில் பெங்களூருவில் காய்கறிக் கடை, பேக்கரி, டீக்கடை வைத்திருந்தவர்களுக்கு கர்நாடக வணிகவரித் துறை வரிசையாக நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். யுபிஐ-யில் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை என்று கேட்ட நோட்டீஸ் அது. உடனே பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்தப் பயம் நம் ஊருக்கும் வந்து, ஜிபே-யில் வாங்கினால் இன்கம்டாக்ஸ்காரன் பிடித்துவிடுவான் என்ற பேச்சாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜிஎஸ்டி வேறு, வருமான வரி வேறு. ஜிஎஸ்டியில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவை செய்பவருக்கு 20 லட்சம் என்ற பதிவு வரம்பு உண்டு. அதை ரொக்கத்தில் தாண்டினாலும் தாண்டியதுதான். வருமான வரியில் கதையே தலைகீழ். வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வாங்குகிறவருக்குச் சட்டமே சலுகை தருகிறது, அந்தச் சலுகை இருக்கும் பிரிவின் பெயர் 44ஏடி.

அது சொல்வது இவ்வளவுதான். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறுதொழில் செய்பவர் வரவு செலவுப் பேரேடு எழுத வேண்டாம், ஆடிட்டும் வேண்டாம். மொத்த விற்பனையில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டு அதை வருமானமாகக் காட்டினால் போதும். வந்த பணத்தில் ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் 2 கோடி என்பது 3 கோடி ஆகும். கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில், ஃப்ரிட்ஜின் தேய்மானம் எல்லாம் கழிந்து நிற்கும் லாபம் அது, அதிலிருந்து திரும்ப எதையும் கழிக்க முடியாது.

தஞ்சாவூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 90 லட்சம், அதில் 60 லட்சம் யுபிஐ-யிலும் வங்கியிலும், 30 லட்சம் கல்லாவில். 60 லட்சத்துக்கு 6 சதவீதம் 3 லட்சத்து 60 ஆயிரம், 30 லட்சத்துக்கு 8 சதவீதம் 2 லட்சத்து 40 ஆயிரம், ஆக வருமானம் 6 லட்சம். இதே 90 லட்சமும் ரொக்கமாக வந்திருந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் காட்டியிருக்க வேண்டும். கியூஆர் அட்டையைக் கழற்றியவர் இதில் என்ன சம்பாதித்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, 6 லட்சத்துக்கு வரி எவ்வளவு? 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, அப்புறம் 20, 25 என்று ஏறி 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். நம் கடைக்காரருக்கு 10,000 ரூபாய் வருகிறது. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், அதனால் கட்ட வேண்டியது பூஜ்யம். முழுக்க வங்கி வழியாக 2 கோடி விற்கும் கடைக்கு 6 சதவீத வருமானம் சரியாக 12 லட்சம், அதற்கும் வேறு வருமானம் இல்லாவிட்டால் பூஜ்யம்தான். 12 லட்சத்துக்கு மேல் 10,000 ரூபாய் கூடிவிட்டால் மொத்தத்துக்கும் வரி விழுமோ என்று பயப்பட வேண்டாம். கூடுதலாக வந்த அந்த 10,000-க்கு மேல் வரி போகாதபடி நிறுத்திவிடுவார்கள், அதன்மேல் 4 சதவீத செஸ் (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) மட்டும் சேரும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. '12 லட்சம் வரை வரி இல்லையாமே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வரி இல்லை என்பதும் ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கைத் தாக்கல் செய்வது, வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம், அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்குவதே ரிட்டர்னில்தான். வருமானம் அதற்குக் கீழே இருந்தாலும், தொழிலில் ஆண்டு விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியிருந்தால் கட்டாயம். உங்கள் பெயரில் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்திருந்தாலும் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், வங்கியில் தொழில் கடன் கேட்டுப் போனால் முதலில் கேட்பது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன். சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் இறந்தவரின் வருமானத்துக்குச் சான்று கேட்கும்போது, கல்லாவில் தினம் எவ்வளவு புரண்டது என்று வீட்டார் வாயால் சொல்வதை விட ரிட்டர்ன் நகல் பல மடங்கு பேசும். ஒரு ரூபாய் வரி இல்லாமல் கிடைக்கும் இந்தக் காகிதத்தைச் சிறுகடைக்காரர்கள் விட்டுவிடுவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

யாருக்கெல்லாம் பொருந்தாது என்றும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் வசிக்கும் தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம், சாதாரணக் கூட்டு நிறுவனம் மூவருக்கும் மட்டும்தான் 44ஏடி; எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்)-க்கும் கம்பெனிக்கும் கிடையாது. கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானத்துக்குக் கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், நிலத் தரகர் இதில் வர முடியாது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், உள்அலங்கார வடிவமைப்பாளர் போன்றவர்களுக்கு 44ஏடிஏ என்று தனிப் பிரிவு: வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம்) இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். லாரி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு 44ஏஇ: பத்து வண்டிக்கு மேல் இல்லாதவருக்கு, சிறிய வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய், மொத்த எடை 12 டன்னுக்கு மேல் போகும் வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வருமானம் கணக்கிடுவார்கள்.

யுபிஐ விஷயத்தில் கவனிக்க வேண்டியது வரம்பை அல்ல, அந்தக் கியூஆர் அட்டை யாருடைய கணக்கில் போய் முடிகிறது என்பதை. அப்பா பெயரில் கடை, மகன் காலேஜில் படிக்கும்போது திறந்த சேமிப்புக் கணக்கில் கியூஆர், இது எல்லாத் தெருவிலும் உண்டு. கடைக்கு வந்த 40 லட்சம் மகன் கணக்கில் நிற்கும்போது கேள்வியும் மகனுக்குத்தான் வரும், அவன் எந்தத் தொழிலும் செய்யவில்லையே. அதே கணக்கில் சீட்டுப் பணமும் மச்சான் அனுப்பிய கைமாற்றும் பெண்ணின் பீஸுக்கு வந்த பணமும் கலந்து கிடந்தால் எது விற்பனை எது கடன் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கடைக்காரர் பெயரிலேயே ஒரு கரண்ட் அக்கவுன்ட், கியூஆர் அதற்கு மட்டும், வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுத்து வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்வது. இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. பற்று நோட்டில் எழுதிய கடன் விற்பனையும் அந்த ஆண்டு விற்பனைதான். ஆனால் மார்ச்சில் கொடுத்த கடன் பாக்கி, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வங்கி வழியாக வந்துவிட்டால் அதற்கும் 6 சதவீதமே போதும்.

பேரேடு வேண்டாம் என்பதால் ரொக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. இரண்டுக்கும் அபராதம் வாங்கிய தொகை முழுவதும். அப்புறம், 6, 8 என்பது குறைந்தபட்சம். உண்மையில் 15 சதவீதம் லாபம் வரும் கடை 6 மட்டும் காட்டிக்கொண்டே போய், நான்காவது வருடம் ரொக்கம் கொடுத்து மனை வாங்கினால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், 44ஏடி அங்கே காப்பாற்றாது. கூடுதலாக வந்தால் கூடுதலாகக் காட்டுங்கள். 12 லட்சம் வரை வரியே இல்லாதபோது குறைத்துக் காட்டி என்ன ஆகப்போகிறது?

இந்தத் திட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு வருடம் 44ஏடி-யில் நுழைந்துவிட்டால் அடுத்த ஐந்து வருடங்களும் அதிலேயே இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் 'லாபம் 3 சதவீதம்தான் வந்தது' என்று குறைத்துக் காட்டினால், அதற்கு அடுத்த ஐந்து வருடங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. வருமானம் வரி தொடங்கும் அடிப்படை வரம்பைத் தாண்டினால் பேரேடும் ஆடிட்டும் தலையில் விழும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் சரக்கெல்லாம் நனைந்து போன கடைக்காரர் நஷ்டம் காட்ட நினைத்தாலும் 44ஏடி-க்குள் இருந்துகொண்டு காட்ட முடியாது. அதனால் அரிசி மொத்த வியாபாரம், பிஸ்கட் சோப்பு டிஸ்ட்ரிபியூஷன் மாதிரி 3, 4 சதவீதத்தில் ஓடும் தொழில்காரர்கள் நுழையும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுக்குக் கணக்கு எழுதி, அதற்கான ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-3 போடுவதுதான் லாபம்.

மார்ச் மாதம் வந்தால் 'வரி மிச்சம்' என்று பாலிசி விற்க ஆள் வருவார்கள். புதிய வரி முறையில் 80சி (பாலிசி, சேமிப்புக்கான கழிவு) கிடையாது, 80டி-யும் (மெடிக்கல் இன்சூரன்ஸுக்கான கழிவு) கிடையாது. கடைக்காரருக்குத் தானாகப் பொருந்துவது புதிய முறைதான். பழைய முறை வேண்டும் என்றால் கடைசித் தேதிக்குள் 10-ஐஇஏ என்ற படிவம் கொடுக்க வேண்டும். சம்பளக்காரர் வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம், தொழில் வருமானம் உள்ளவர் அப்படி முடியாது: பழையதுக்குப் போய்ப் புதியதுக்குத் திரும்பினால் தொழில் இருக்கும் வரை மறுபடி பழையதுக்குப் போக வழியில்லை. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுங்கள், அது குடும்பத்துக்கு வேண்டும். வரிக்காக மட்டும் இருபது வருட பாலிசியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வரி கட்ட வேண்டியவர்களுக்கு ஒரு தேதி முக்கியம், மார்ச் 15. மற்றவர்கள் அட்வான்ஸ் டாக்ஸை (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரியை) நான்கு தவணையில் கட்ட வேண்டும், 44ஏடி-காரர்கள் ஒரே தவணையாக அன்றைக்குள் கட்டினால் போதும். ரொக்கமே இல்லாமல் இரண்டரைக் கோடி விற்றவருக்கு 6 சதவீதம் 15 லட்சம், வரி செஸ்ஸோடு 1,09,200 ரூபாய். ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டியும் இப்படிக் கட்டாமல் விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும்.

தாக்கல் செய்வது ஐடிஆர்-4, சுகம் என்று பெயர். இ-ஃபைலிங் தளத்தில் இலவசம். முதலில் அதே தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து உங்கள் பான் எண்ணில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள்: வங்கி வட்டி, டிடிஎஸ், ஜிஎஸ்டி விற்பனை எல்லாம் அதில் இருக்கும். ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் இங்கே காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். பேரேடு வேண்டாம் என்றாலும் மார்ச் 31 அன்று சரக்கு இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கையிருப்பு ரொக்கம் ஆகியவற்றைப் படிவத்தில் கேட்பார்கள், அன்று இரவே குறித்து வையுங்கள். கடைசித் தேதி சில ஆண்டுகளில் தள்ளிப்போகும், 2025-இல் செப்டம்பர் 16 வரை போனது. ஜூலை 31 என்றே மனதில் வைத்திருந்தால் எந்த ஆண்டும் தப்பாது. அனுப்பிய பிறகு 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்யாவிட்டால் அது குறித்த நேரத்தில் தாக்கல் செய்ததாகக் கணக்கில் வராது, இதை மறப்பவர்கள் ஏராளம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 வந்திருப்பதால் இனி ஈட்டும் வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும். 2025-26 வருமானத்துக்கு 1961 சட்டமும் 44ஏடி-யும்தான்.

கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், மேலே என்றால் 5,000. அதையும் விட்டவர்களுக்கு ஐடிஆர்-யு என்ற படிவம் இருக்கிறது, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு வருடம் வரை. முதல் வருடத்துக்குள் போட்டால் வரி, வட்டியோடு அதில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், தள்ளிப்போனால் 50, 60, 70 என்று ஏறும். ரீஃபண்ட் கேட்க இதைப் பயன்படுத்த முடியாது. பழைய வருடங்கள் விட்டுப்போயிருந்தால் நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு.