குலாஷில் சர்க்கரை போடாதீர்கள்

இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது ஆள். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரிதான் குலாஷ் செஞ்சேன், ஒரே கசப்பு. மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டும் போகல" என்று படம் அனுப்பியிருந்தார் ஒரு தம்பி. சட்டியில் இருந்தது கருகிய பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. ஒரு கிலோ மாட்டிறைச்சியும் மூன்று மணி நேர அடுப்பும் வீண். முந்தைய இருவரும் செய்தது இதே தவறுதான்.

நான் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறேன். குலாஷ் இந்த நாட்டு மாட்டிறைச்சி சூப். வீட்டுக் குலாஷில் லேசான இனிப்பு இருக்கும் என்று சொன்னது உண்மை. சர்க்கரை போடுங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

குழப்பம் பாப்ரிகா, அதாவது குலாஷுக்குப் போடும் சிவப்பு மிளகாய்ப் பொடியின் பொட்டலத்திலேயே தொடங்குகிறது. அதில் "ஏதெஷ்னெமெஷ்" என்று எழுதியிருக்கும். ஏதெஷ் என்றால் இனிப்பு. உடனே, இது இனிக்கும் பொடி, போதாவிட்டால் சர்க்கரை சேர்க்கலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: இங்கே இனிப்பு என்றால் காரம் இல்லாதது என்று பொருள். மிளகாயின் காரம் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அதிகம். அதையும் விதையையும் நீக்கி அரைக்கும் வழக்கம் இந்த நாட்டுச் செகெட் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அப்படி அரைத்த பொடியைத்தான் குலாஷுக்கு மூன்று மேசைக்கரண்டி தாராளமாகப் போட முடிகிறது. காரப் பொடி வேண்டுமென்றால் "சீபோஷ்" என்று எழுதியதை வாங்க வேண்டும். காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறம் தரும், ஆனால் மூன்று கரண்டி போட்டால் வாய் எரியும், அந்த மணமும் வராது.

சாம்பாரில் துளி வெல்லம் போட்டுப் பழகிய கை நமக்கு. அந்தப் பழக்கத்தை இந்தச் சட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

அப்படியானால் இனிப்பு எங்கிருந்து வருகிறது? வெங்காயத்திலிருந்து. ஒரு கிலோ மாட்டுக் கால் இறைச்சிக்கு அரை கிலோ வெங்காயம். பொடியாக நறுக்கி, பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ சிட்டிகை உப்புடன், சிறு தீயில் இருபது நிமிடமாவது வதக்குங்கள். ஐந்து நிமிடத்தில் தீயைக் கூட்டிச் சிவக்க வைத்தால் ஓரம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். எங்கள் சமையலறையில் புதிதாக வருபவருக்கு முதல் வேலை இந்த வெங்காயம்தான். அது சரியாக வரும்வரை அவரை இறைச்சிப் பக்கம் விடுவதில்லை.

அப்புறம் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குங்கள். இறக்கி வைத்த பிறகுதான் பாப்ரிகா! பொடியிலேயே சர்க்கரை இருக்கிறது, சூட்டில் சில நொடியில் கருகிக் கசந்துவிடும். போட்டதும் கிளறி, ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். அந்தத் தம்பி கொதிக்கும் எண்ணெயில் தாளிப்பது போலப் போட்டுவிட்டார். கருகிய கசப்பைச் சர்க்கரை மறைக்காது. கருகினால் கொட்டிவிட்டு மறுபடி வெங்காயத்திலிருந்து தொடங்குங்கள். இறைச்சி இன்னும் உள்ளே போகவில்லை, பெரிய நட்டமில்லை.

இனி இறைச்சி, பூண்டு, ஒரு தக்காளி, காரவே விதை ஒரு சிறு கரண்டி. காரவே பார்க்கச் சீரகம் போல இருக்கும், ஆனால் நம் சீரகமல்ல, மாற்றிப் போடாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இரண்டு மணி நேரம் மெல்ல வேகவிடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் கேரட், பார்ஸ்லி வேர், உருளைக்கிழங்கு, கூடவே ஒன்றரை லிட்டர் தண்ணீர். கேரட்டும் பார்ஸ்லி வேரும் மீதி இனிப்பைத் தந்துவிடும். குழம்பு நீர்த்திருக்கிறதே என்று மாவு கரைத்து ஊற்றாதீர்கள். குலாஷ் இங்கே சூப். கெட்டியாகக் குறுக்கினால் அது பொர்கொல்ட், வேறு பெயர், வேறு உணவு. மக்ரோனியும் தக்காளி சாஸும் சேர்த்து அமெரிக்க வீடுகளில் குலாஷ் என்பார்கள். அவர்களுக்கு அது பிடிக்கலாம், நான் சொல்வது அது அல்ல.

பொடி வாங்கும்போது கவனம். சந்தையில் மூட்டை திறந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். 1994இல் இதே ஹங்கேரியில் நிறத்துக்காகப் பாப்ரிகாவில் ஈய ஆக்சைடைக் கலந்து விற்றார்கள். பலர் ஈய நச்சோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மூடி முத்திரையிட்ட சிறு பொட்டலமாக வாங்கி, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். மணம் போய் மண்ணிறமாகிவிட்டால் எறிந்துவிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், குலாஷ் கொடுக்கலாமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். அக்கா, உருளைக்கிழங்கைக் குறைத்து வையுங்கள், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை டப்பாவை மட்டும் அடுப்படிப் பக்கம் கொண்டுவராதீர்கள். மீந்த குலாஷை ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விட்டுவிடாமல், அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். அன்றைக்கு அந்த இனிப்பு இன்னும் நன்றாக இருக்கும்.