கண்ணாடியில் நிறம் ஊற்றும் முன்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் வெப்சைட்டுக்காக என்னிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். உள்ளே 40 படங்கள். “எல்லாத்தையும் முதல் பக்கத்துலயே போட்டுரு தம்பி. பார்க்கிறவன் அசந்து போகணும்.”

வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் இந்த ஆசை எனக்குப் பழக்கம். வாதாடாமல் கணக்குப் போட்டுக் காட்டினேன். படம் ஒன்று சுமார் 4 மெகாபைட், நாற்பதும் சேர்த்து 160. படத்தின் எடையை பைட்டில் சொல்கிறோம், இணைய வேகத்தையோ பிட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நொடிக்கு 8 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் நொடிக்கு 1 மெகாபைட்தான் இறங்கும். ஆக 160 நொடி, இரண்டரை நிமிடத்துக்கும் மேல்.

“அவ்வளவு நேரம் நானே பார்க்க மாட்டேனே” என்றார்.

இந்த எடையில் பெரும்பகுதி வீண். அவர் போன் எடுக்கும் படத்தில் 4000க்கு 3000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பார்ப்பவரின் போன் திரையோ அகலத்தில் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான். படத்தின் அகலத்தை 1200 ஆக்கினால் உயரம் 900 ஆகிவிடும். புள்ளிகள் பதினோரு மடங்கு குறைந்துவிடும்.

அதற்கு மேல் எடையைக் குறைப்பது ஜேபெக் என்ற படச் சுருக்க முறை. 1992இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறையும் ஒரு வகையில் டைல்ஸ் வேலைதான். படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெதுவாக மாறும் பகுதி எவ்வளவு, சட்டென்று மாறும் பகுதி எவ்வளவு என்று பிரிக்கிறது. சட்டென்று மாறும் நுணுக்கங்களில் கண் அவ்வளவாகக் கவனிக்காதவற்றைக் கழித்துவிடுகிறது. நிற மாற்றத்தை நம் கண் ஒளி மாற்றத்தைவிட மந்தமாகவே கவனிக்கும். அதனால் நிறத்தகவலில் பெரும்பாலும் இன்னும் தாராளமாகக் கை வைக்கும்.

வெறும் சிவப்புத் தரைக்கு இது பிரமாதம். பூவேலை செய்த டைல்ஸில்தான் சிக்கல். மஞ்சளும் பச்சையும் கத்தியால் கீறினாற்போலச் சந்திக்கும் ஓரம் இருக்கிறதே, அதுதான் சட்டென்று மாறும் இடம். எடையைக் குறைக்க அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த ஓரத்தில் அழுக்குப் படிந்தாற்போலத் தெரியும். அந்தக் கூர்மையைக் காட்டித்தானே விற்கிறோம்? அதனால் ஆறு படங்களை மட்டும் முதல் பக்கத்துக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் அசல் டைல்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே அழுத்தினேன். மற்றவை, திரையை நகர்த்தி அவற்றின் அருகே வரும்போது இறங்கும்.

சரி, எந்த ஆறு? இங்கேதான் திட்டம் தொடங்குகிறது. ஆத்தங்குடி டைல்ஸைக் கவிழ்த்துத்தான் செய்வார்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து நிறக்கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் சிமென்டும் மணலும் போடுவார்கள். முதலில் விழும் நிறம்தான் கடைசியில் மேலே தெரியும். சிமென்ட் விழுந்த பிறகு பூவை மாற்ற முடியாது. வெப்சைட்டில் மாற்றலாம், பில் கூடும்.

அதனால் நிறம் பேசும் முன் ஒரு தாளைக் கொடுத்து, உங்களுக்கு வரும் போன்களில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். சதுர அடி என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும், சென்னைக்கு அனுப்புவீர்களா. பட்டறையின் வரலாறு ஏழாவதாக வந்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த வரிசை பிரவுசருக்கும் வேண்டும். அது முதலில் எழுத்தும் அமைப்பும் உள்ள கோப்பை வாங்கி, அதைப் படித்துக்கொண்டே படங்களைத் தேடிப்போகிறது. படத்தின் நீள அகலத்தை முன்பே சொல்லாவிட்டால் இடம் விடாமல் எழுத்தைக் கட்டிவிடும். அப்புறம் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும். விலையைத் தொடப்போன விரல் வேறெதையோ தொடும். சுவர் எழுப்பும்போதே நிலைக்கு இடம் விடுவது போலத்தான் இதுவும்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்ததாம். செய்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். வருடக் கட்டணம் கட்டாமல் விட்டதில் பெயர் போய்விட்டது. டொமைன் என்பது, வெப்சைட்டை வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வரின் எண் முகவரிக்கு வைத்த பெயர். அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிவேட்டில் வரி இல்லையென்றால், சர்வரில் பக்கம் பத்திரமாக இருந்தாலும் அந்தப் பெயரைத் தட்டுகிறவருக்கு வழி தெரியாது.

இந்த முறை அவர் மின்னஞ்சலிலேயே, அவர் கையாலேயே பதிந்தோம். கடவுச்சொல்லை அண்ணி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.