ஓடிய அனுபவம் மட்டும் போதாது

பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கினால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து பெற்றோரின் அழைப்புகள் வரத் தொடங்கும். சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். “பிள்ளை பயிற்சியில நல்லா ஓடுறா. போட்டி எண்டு வந்தா கை கால் நடுங்குது. நீங்களும் ஓடின ஆள்தானே, வந்து ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லிவிடுங்கோ.”

நான் 400 மீற்றர் ஓடியவள். பின்தொடைத் தசைக் காயத்தோடு என் ஓட்டம் முடிந்தது. அதன் பிறகு உளவியலும் விளையாட்டு உளவியலும் படித்து, இன்று கொழும்பில் வீரர்களுக்கு மனத்திறன் பயிற்றுநராக இருக்கிறேன். நான் ஓடியவள் என்பதால் பிள்ளைகள் என்னிடம் சீக்கிரம் மனம் திறக்கிறார்கள், உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்தது என் பயம் மட்டும்தான். ஒருத்திக்குத் தோற்றால் அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசாமல் வருவாரே என்ற பயம். இன்னொருத்திக்குக் கடைசி 100 மீற்றரில் கால் இறுகும் அந்த வலியை நினைத்தாலே பயம். வேறொருவனுக்கு ஓட்டமே வெறுத்துவிட்டது, அதை வீட்டில் சொல்ல வழியில்லை. இவர்கள் எல்லாருக்கும் ஒரே தைரிய வார்த்தையைச் சொல்லி என்ன பயன்? முதலில் கேட்க வேண்டும். நான் ஓடிய கதையைச் சொல்லாமல், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்றுத்தரப்பட்டவற்றில் ஆகக் கடினமானது அதுதான்.

சரி, அந்த நடுக்கத்துக்கு வருவோம். பெரிய போட்டிகளில் ஓட்டத்துக்கு முன் வீரர்களை அழைப்பறையில் உட்கார வைப்பார்கள். கைபேசி கூடாது, பயிற்றுநர் உள்ளே வர முடியாது, போட்டியிடப்போகிறவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு கலங்கும். அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிறது, அவ்வளவுதான். அதைப் பலவீனம் என்று பிள்ளை நம்பத் தொடங்கும்போதுதான் சிக்கல். ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்பது அந்த எண்ணத்தைத்தான் கூட்டும். அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான வேலைக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் பேச்சில் நன்றாகச் செய்தார்கள். அடிக்கிற இதயத்தை அடக்கச் சொல்வதைவிட, அதன் பொருளை மாற்றிக்கொள்வது எளிது.

இன்னொன்று, ஆயிரம் தடவை செய்து உடம்பில் ஊறிய அசைவை நெருக்கடியில் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினால் அது குலையும். ஓட்டத்துக்குச் சற்று முன்னர் ‘முழங்காலைத் தூக்கு, தோளைத் தளர்த்து, கையைப் பார்’ என்று வேலிக்கு வெளியே நின்று கத்தும் பயிற்றுநர்களையும் அப்பாக்களையும் நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான். அந்த நேரத்துக்கு ஒரு சொல் போதும், அதையும் பிள்ளையே தெரிவு செய்யட்டும்.

நாங்கள் செய்யும் வேலை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவது. சப்பாத்து நாடா கட்டுவதிலிருந்து தொடக்கக் கட்டையில் கால் வைப்பது வரை ஒரே ஒழுங்கு. கண்ணை மூடி ஓட்டத்தை உண்மையான நேரத்திலேயே ஓடிப் பார்ப்பது; அதில் சுகததாச அரங்கின் வெயிலும் ஒலிபெருக்கிச் சத்தமும் இருக்க வேண்டும், பதக்கம் வாங்கும் காட்சி மட்டும் போதாது. இவற்றைக் கிழமைக் கணக்கில் பழக வேண்டும். போட்டிக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணம் நீங்கள் தருகிறீர்கள் என்பதற்காகப் பிள்ளை என்னிடம் சொன்னதை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன், அணித் தெரிவாளரிடமும் சொல்ல மாட்டேன். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் அது மாறும். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக இருக்கும்போது சொல்லிவிடுகிறேன். சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் பரவாயில்லை.

எல்லாம் பயிற்சியால் தீர்வதும் இல்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தவறிவிட்டதால். ‘மனவுறுதி இல்லை’ என்று அன்று ஏசியவர்கள் பலர். அவர் சிகிச்சையாளரிடம் தொடர்ந்து போனார், 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் கிழமைகள் போனால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய விடயம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஓட்டத்தை விட்டபின் இந்தத் துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், மகிழ்ச்சியாக இருக்கிறது. பாதை நீளமானது. அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட விளையாட்டு உளவியல் சங்கத்தின் சான்றிதழுக்கு முதுநிலைப் பட்டமும், மேற்பார்வையின் கீழ் 400 மணிநேர வேலையும், பரீட்சையும் வேண்டும். இங்கே வார இறுதிப் பயிலரங்கு ஒன்றை முடித்துவிட்டு ‘மைண்ட் கோச்’ என்று அட்டை அடிப்பவர்களும் உண்டு. அதனால் பிள்ளையை யாரிடமும், என்னிடமும்தான், ஒப்படைக்கும் முன் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார், எந்த நிலையில் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் தேவைப்படாது, நானே பார்த்துக்கொள்வேன்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.